பன்னிரண்டு வசவுகள்

துபாயில் இரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்குக்கு உதவியாளாக இருந்துவிட்டு, இனாயத்துல்லா 1984ஆம் வருஷக் கடைசியில் பழவேற்காட்டுக்குத் திரும்பினான். தங்கம் வரும் என்று காத்திருந்த மனைவி சுராயாவிடம், இரண்டு கேசட் போடுகிற பெரிய டேப் ரிக்கார்டர் ஒன்றைக் காட்டினான். ஒன்றில் ஓடுவதை இன்னொன்றில் அப்படியே பதிந்துகொள்ளலாம் என்று விளக்கினான்.

"காதுல மாட்டிக்க முடியுமாங்க இத்த?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

டேப்போடு ஒரு டஜன் கேசட்டும் வந்திருந்தது. அதில் ஒன்று, கூடத் தங்கியிருந்த சூடான்காரன் கொடுத்தது. அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் பாடியது என்று அவன் சொல்லியிருந்தான். பாடினார் என்பதைவிடப் பேசினார் என்பதே சரி. பின்னால் தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்க, மூச்சுவிடாமல் யாரிடமோ நியாயம் கேட்பதுபோலப் பேசிக்கொண்டே போனார். அமெரிக்காவில் அது லட்சக்கணக்கில் விற்றதாம். இனாயத்துல்லாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் பஜாரில் சவுண்ட் சர்வீஸ் கடை போட்ட பிறகு, தினம் ஒரு தடவையாவது அதை ஓடவிட்டுக் கேட்பான்.

"இன்னா பாய், எவனோ பங்காளிச் சண்ட போடறான், அத்தப் போயி கேட்டுனு கீற?" என்றான் ஜான். ஜான் பகலில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். மாதா கோயில் திருவிழா வந்தால் பேண்டு செட்டில் டிரம் அடிப்பான். சண்டை என்று சொன்னானே தவிர, அவன் விரல்கள் கடைப் பலகையில் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தன.

அடுத்த சித்திரையில் ஒரு காலை, தீவுக் கல்யாணத்துக்குப் போன ஒலிபெருக்கியைத் திரும்ப எடுத்துவர இனாயத்துல்லா படகுத்துறைக்குப் போனான். அங்கே கூட்டமாக இருந்தது. கூட்டத்தின் நடுவில் தனக்கோடி நின்றாள்.

திட்டுக்குப்பத்துத் தனக்கோடிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் ஆதிகேசவன் ஏரியில் பிடிப்பதில் இறாலை வியாபாரி சுப்பராயலுவுக்குப் போட்டுவிட்டு, மடவை மீனையும் நண்டையும் கூடையில் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறுவாள். சுப்பராயலு எடை போடும்போது, தட்டுக்கு அடியில் கட்டை விரலைக் கொடுத்து லேசாகத் தாங்குவார். எட்டு கிலோ ஏழாகிவிடும். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். தனக்கோடி மட்டும்தான் வாய் திறப்பாள். அவள் கோபத்தில் பேசினால் வார்த்தைகள் தானாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும். கையில் இருக்கிற அலுமினிய அன்னக்கூடையை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பேசுவாள். அன்றும் அப்படித்தான்.

"எறா ஏறுது தட்டு மேல,
வெரலு ஏறுது தட்டுக்குக் கீழ!
மேல கீறது எட்டு கிலோ,
கீழ தாங்கனா ஏழு கிலோ!
ஏரி குடுத்தது எண்ணி எட்டு,
எடுய்யா வெரல வெளிய வுட்டு!"

சுப்பராயலு நெருப்பைத் தொட்டவர்போல விரலை இழுத்துக்கொண்டார். முள் எட்டில் போய் நின்றது. கூட்டம் கலைந்தது. ஒலிபெருக்கியைத் தோளில் வைத்திருந்த இனாயத்துல்லா மட்டும் நகரவில்லை. அந்த அமெரிக்கக்காரர் என்ன பேசுகிறார் என்பது அவனுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துபோயிற்று.

அன்று சாயங்காலமே குப்பத்துக்குப் போய்விட்டான்.

"அக்கா, நீ திட்டறத நான் கேசட்டுல பதியணும்."

"எதுக்கு பாய், போலீசுல குடுக்கவா?"

"விக்கறதுக்கு."

தனக்கோடி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காசு குடுக்காமயே தெனம் திட்றேன். காசு குடுத்து எவன் வாங்குவான்?"

"அமெரிக்காவுல வாங்கறாங்கக்கா."

"அங்க சுப்பராயலு இல்ல போல" என்றாள். ஆனால் வருவதாகச் சொன்னாள். தான் சொல்வது நாலு ஊர் கேட்டால், வெட்கப்பட்டாவது சிலர் திருந்துவார்கள் என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது. அதை அவள் இனாயத்துல்லாவிடம் சொல்லவில்லை.

கடைக்குப் பின்னறையில் ஜமுக்காளம் கட்டிச் சத்தம் வராமல் மறைத்தார்கள். ஜான் டிரம்மோடு மூலையில் உட்கார்ந்தான். மைக்கைத் தனக்கோடியின் முன்னால் வைத்து, "ம், திட்டுக்கா" என்றான் இனாயத்துல்லா. அவள் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி இல்லாத எப்டி பாய் திட்றது?"

சுராயா உள்ளேயிருந்து வந்தாள். "இவர வச்சிக்குங்கக்கா. எனக்கும் சேத்துத் திட்டிடுங்க" என்று புருஷனைப் பிடித்து எதிரே உட்காரவைத்தாள். துபாய்க்குப் போய்ப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்த கதை அப்படித்தான் முதல் வசவாகப் பதிவானது. சுராயா கதவோரம் நின்று, விட்டுப்போனவற்றை எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு வழி தெரிந்துவிட்டது. சுப்பராயலுவுக்காக மளிகைக் கடையிலிருந்து ஒரு தராசு இரவல் வாங்கி எதிரே தொங்கவிட்டார்கள். அதைக் கண்டதும் தனக்கோடிக்கு முகம் சிவந்து வார்த்தை கொட்டியது. ஊர்த் தலைவர் சம்பந்தத்துக்காக ஒரு பழைய குழாயைக் கொண்டுவந்து வைத்தார்கள். தெருவுக்கு என்று போட்ட குழாயைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டவர் அவர்.

"தலைவரு வூட்டுக் கொழா தண்ணி
தலகாணி வரைக்கும் பாயுது!
எங்க தெருவுக் கொழா வாயில
எட்டுக்கால் பூச்சி காயுது!"

ஆதிகேசவனைத் திட்டுவதற்கு ஆதிகேசவனையே கூப்பிட்டார்கள். அவன் வந்து உட்கார்ந்து, பாதியில் தூங்கிவிட்டான். அவன் குறட்டையும் கேசட்டில் விழுந்துவிட்டது. அது ஏதோ புது வாத்தியம் என்று பின்னால் சென்னையில் பலர் விசாரித்தார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு வசவுகள். 'தனக்கோடி வாய்' என்று பேர் எழுதி, இனாயத்துல்லா தன் டேப்பிலேயே ஐம்பது கேசட் பதிந்தான். பாரிமுனையில் ஒரு கேசட் கம்பெனிக்குப் போய்க் கொடுத்தபோது, அங்கே இருந்தவர் கால் நிமிஷம் கேட்டுவிட்டு, "தம்பி, இதுல பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார்.

பாட்டு வரவேயில்லை. ஆனால் பொன்னேரி பஸ் நிலையத்து டீக்கடையில் ஒரு கேசட் ஓடியது. அதைக் கேட்டவர்கள் இன்னொரு டீ சொல்லிவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். மீஞ்சூரில் ரயிலுக்கு நிற்கிற தொழிற்சாலை ஆட்கள், ஃபோர்மேனின் பேரைச் சுப்பராயலுவின் இடத்தில் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். அனுப்பம்பட்டில் ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரை நிறுத்திவிட்டு அதைப் போட்டார்களாம். ஐம்பது ஐந்நூறாயிற்று. டேப் சூடேறி, சுராயா முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாதம், பாட்டு எப்போது வரும் என்று கேட்ட அதே ஆள் அம்பாசடர் காரில் பழவேற்காட்டுக்கு வந்து இறங்கினார்.

85 தீபாவளிக்குக் கம்பெனியே கேசட்டை வெளியிட்டது. அட்டையில் தனக்கோடியின் படம் இல்லை. இடுப்பில் கூடை வைத்த ஒரு சிவப்பான பெண், மீனை ரோஜாப்பூ மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனக்கோடிக்கு ஒரு பட்டுச் சேலையும் ஒரு கவரும் கிடைத்தன. ரெண்டு லட்சம் விற்றது என்று கம்பெனி சொன்னது. அது கம்பெனி வெளியில் சொன்ன கணக்கு.

ஒரு வாரப் பத்திரிகை, 'ராகம் இல்லை, பாவம் இல்லை, சுருதி அறவே இல்லை. தமிழிசைக்கு நேர்ந்த அவமானம்' என்று எழுதியது. எழுதியவர் நாலு வசவுகளை முழுசாக எடுத்துப் போட்டிருந்தார், அவமானம் எவ்வளவு என்று வாசகருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. இன்னொரு பத்திரிகை 'மண்ணின் குரல்' என்றது. அதைப் படித்த ஒரு பேராசிரியர், தோளில் பையோடு திட்டுக்குப்பத்துக்கு வந்தார்.

"அம்மா, இது உங்க பரம்பரைக் கலையா?"

"ஆமாங்க. எங்கம்மாவும் சண்டக்காரிதான்."

அவர் அதை எழுதிக்கொண்டார். "இந்தக் கலை அழிஞ்சிடும்னு பயம் இருக்கா?"

தனக்கோடி யோசித்தாள். "அந்தாளு வெரல எடுக்கறவரிக்கும் அழியாதுங்க" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

ஊருக்குள்தான் விஷயம் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. குப்பத்து மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்லி, சம்பந்தம் அம்மன் கோயில் எதிரே பஞ்சாயத்தைக் கூட்டினார். தனக்கோடி முன்னால் வந்து நின்றாள். ஆதிகேசவன் பின்னால் ஒரு தூணில் சாய்ந்துகொண்டான்.

"இன்னாமே, ஊரு வெவகாரத்த ஊரூரா விப்பியா? நானு இன்னா செஞ்சேன்னு ஆரம்பாக்கம் வரிக்கும் பேசறான்" என்றார் சம்பந்தம்.

"கொழாவ திருப்பினியா இல்லியா தலைவரே?"

"அது வேற பேச்சு. நீ இன்னா திட்னன்னு மொதல்ல சபைக்குத் தெரியணும். கேசட்ட போடுங்கடா."

சாட்சியாக டேப் வந்தது. கேசட் ஓட ஆரம்பித்ததும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது வசவுக்குள் பெண்கள் பக்கம் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டது. குழாய் வந்தபோது, 'எட்டுக்கால் பூச்சி காயுது' என்று மொத்தக் குப்பமும் ஒரே குரலில் முடித்தது. சம்பந்தத்தின் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. கேசட் முடிந்தபோது, பிந்தி வந்தவர்களுக்காக முதல் பக்கத்தை மறுபடி போடவேண்டியதாயிற்று.

பிறகு சம்பந்தம் தொண்டையைச் செருமினார். "ஆருக்காவது இன்னா குறை கீது? சொல்லுங்க."

பச்சைமுத்து எழுந்தான். வலைக்காரன், யார் வம்புக்கும் போகாதவன். அவன் கண் கலங்கியிருந்தது.

"எனக்குக் குறை கீது தலைவரே. ஊர்ல எல்லாரையும் திட்னா. சுப்பராயலுவ திட்னா, ஒன்னத் திட்னா, பஜார்ல கீற பாயக்கூடத் திட்னா. என் பேர மட்டும் எடுக்கல. நானு இன்னா இந்த ஊர்ல இல்லாதவனா? எம் மச்சான் பொன்னேரியில கேக்கறான், நீ எத்தினியாவது பாட்டுல வர்றன்னு. இன்னா பதில் சொல்றது?"

"நீ ஒரு தப்பும் பண்ணலியே அண்ணே" என்றாள் தனக்கோடி.

"அதுக்கு இப்டிப் பண்றதா?"

அவனுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் எழுந்தார்கள். எல்லாருக்கும் அதே குறை. சபை பொழுது சாயும்வரை பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னது: அடுத்த கேசட்டில் வீட்டுக்கு ஒருவரையாவது திட்டியாக வேண்டும், பாரபட்சம் கூடாது. குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. சம்பந்தம் எழுந்து போகும்போது தனக்கோடியின் பக்கத்தில் நின்று, "தலகாணி வரைக்கும்னு சொன்ன பாரு, அந்த எடம் நல்லா கீது" என்றார்.

தனக்கோடி வீட்டுக்குப் போகிற வழியில் தெருக்குழாயைத் திருகிப் பார்த்தாள், காற்றுதான் வந்தது.

மறுநாள் இறால் கொண்டுபோனாள். சுப்பராயலுவின் கொட்டகையில் முன்பு இல்லாத கூட்டம். கேசட் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். "அந்தக் கட்டை வெரல் சுப்பராயலு நீங்கதானா?" என்று கேட்டு, விரலைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் சென்னையிலிருந்து புதிதாக இரண்டு ஓட்டல் வாடிக்கை பிடித்திருந்தார். தனக்கோடியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

"வாம்மே வா! இவதான்ங்க அது." இறாலைத் தட்டில் கொட்டினார். எல்லாரும் பார்க்க, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, தட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். கூட்டம் கைதட்டியது.

தனக்கோடி அன்னக்கூடையைத் தட்டினாள். அதே வசவு, அதே கோபம். கூட்டம் கூடவே சொன்னது. சுப்பராயலு ஆனந்தமாகத் தலையாட்டினார். 'வெளிய வுட்டு' என்று முடித்தபோது ஒருவன் விசிலடித்தான். விரல் அங்கேயே இருந்தது. முள் ஏழில் நின்றது.

"இன்னொரு தபா சொல்லு தனக்கோடி, இவங்க தூரத்துலருந்து வந்திருக்காங்க" என்றார் சுப்பராயலு.

அதே வாரம் பஸ்ஸில் இன்னொன்று நடந்தது. கண்டக்டருக்கும் கேசட்டில் ஒரு வசவு இருந்தது: 'கூடை நாறுது எறங்குன்ற, குழம்பு மட்டும் குடிக்கிற.' டிரைவர் பக்கத்தில் டேப் வைத்து அதையே ஓடவிட்டிருந்தார்கள். தனக்கோடி கூடையோடு படியில் கால் வைத்தாள்.

"அக்கா! ஒங்க பாட்டுன்னா எனக்கு உசுரு. எம் பொண்ணு முழுசா சொல்லுவா. என்னப் பாத்தாலே சொல்லுவா" என்றான் கண்டக்டர், கையைப் பிடித்துக்கொண்டு. "கூடைய மட்டும் எறக்கிடுங்கக்கா. நாத்தம் தாங்காது, ஜனங்க சத்தம் போடுவாங்க."

அவள் பொன்னேரிச் சாலையில் மூன்று மைல் நடந்தாள். பின்னால் வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

கேசட் கம்பெனியில் இரண்டாம் பாகத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். இனாயத்துல்லாவும் ஜானும் தனக்கோடியை ரயிலில் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். சுவரெல்லாம் மெத்தை தைத்த அறை. ஜானுக்கு அங்கே வேலை இல்லை, தாளம் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. கம்பெனிக்காரர் ஒரு தாளை நீட்டினார். இனாயத்துல்லா வாசித்தான்: மாமியார், மருமகள், வாடகைக்கு விடுகிறவர், லஞ்சம் வாங்குகிறவர், காதலித்து ஏமாற்றியவன்.

"பேர் எதுவும் வேணாம்மா. பொதுவா திட்டுங்க. பேர் போட்டா யாராவது கேஸ் போட்டுடுவாங்க" என்றார் கம்பெனிக்காரர்.

"இவங்கல்லாம் எனக்கு இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சும்மா ஒரு கோபம்."

"ஒண்ணியும் பண்ணாதவங்கள எப்டிங்க திட்றது?"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விளக்கு எரிந்தது. தாளப்பெட்டி அடித்துக்கொண்டே இருந்தது. தனக்கோடி அதற்கு எதிரே அரை மணி நேரம் பேசாமல் நின்றாள். கடைசியில் இனாயத்துல்லா உள்ளே போய், "வாக்கா, போலாம்" என்றான். திரும்பும்போது ரயிலில் ஜான் மட்டும் பேசிக்கொண்டு வந்தான், பெட்டி தாளம் அடிப்பது தாளமே இல்லை என்று.

மீஞ்சூர் தாண்டியதும் தனக்கோடி சொன்னாள். "பாய், ஒம் மேல கோவம் இல்ல. ஆனா நீ எங்கிட்டருந்து ஒண்ணு எடுத்துட்ட. முன்னெல்லாம் நான் வாயத் தொறந்தா அன்னிக்கு ஒரு நாளாவது அந்த வெரலு எறங்கும்."



மறுநாள் காலை இறால் கூடையோடு அவள் கொட்டகைக்குப் போனாள். வழக்கம்போல வெளியூர்க் கூட்டம். சுப்பராயலு விரலை எல்லாருக்கும் காட்டிவிட்டுத் தட்டுக்கு அடியில் கொடுத்தார். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

தனக்கோடி அன்னக்கூடையைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மே" என்றார் சுப்பராயலு.

அவள் சொல்லவில்லை. கூட்டம் கொஞ்சம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஒருவர் எட்டிப் பார்த்தார். இன்னொருவர், "வெரல் நெஜமாவே கீழதாம்ப்பா கீது" என்றார், அப்போதுதான் பார்த்தவர்போல. ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏதாவது சொல்லித் தொலையேன் தனக்கோடி" என்றார் சுப்பராயலு. அவர் குரல் இறங்கியிருந்தது. அவள் பார்வை நகரவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனதும், "இன்னாத்துக்கு இப்டி மொறைக்கற?" என்று முனகிக்கொண்டே அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். முள் எட்டுக்குப் போயிற்று.

இறால் விஷயம் அப்படி ஒரு வழிக்கு வந்தது. தினமும் நிற்கவேண்டியிருந்தது, ஆனால் நின்றால் போதும்.

இரண்டாம் பாகம் பொங்கலுக்கு வெளிவந்தது. கம்பெனி ஒரு நாடக நடிகையைக் கூப்பிட்டு, அதே பேரில் பதிந்துவிட்டது. இனாயத்துல்லா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சொன்னான்.

"அந்தம்மா ஆரத் திட்டுது?"

"பேர் எதுவும் இல்லக்கா. 'அநியாயம், அநியாயம்'னு பொதுவா."

தனக்கோடி ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "ஆருக்கும் வலிக்காது. நல்லா விக்கும் பாய்."

முதல் பாகத்தைவிட நன்றாகவே விற்றது. பத்திரிகைகள் இப்போது கலை முதிர்ச்சி தெரிவதாக எழுதின. பச்சைமுத்துவுக்குத்தான் தாங்கவில்லை. இரண்டு பக்கமும் மூன்று தடவை கேட்டுப்பார்த்து, இதிலும் தன் பேர் இல்லை என்று ஒரு வாரம் தனக்கோடியோடு பேசாமல் இருந்தான்.

மாசி மாதத்தில் ஒருநாள் பொன்னேரியில், புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையை நிறுத்தி, மடவையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டாள். தனக்கோடிக்குப் பழைய நினைப்பில் வாய் ஓடிவிட்டது.

"மாடி வூடு கட்டுற தாயி,
மடவைக்கு மட்டும் கட்டுதா வாயி?"

அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "கேசட்டுல வர்ற தனக்கோடி மாதிரி பேசிப் பாக்கறியாக்கும்? போம்மா. அது குரலே வேற. அந்தம்மா பேசினா உடம்பு சிலிர்க்கும்."

"ஆமாம்மா, எனக்கு அந்தளவுக்கு வராது" என்றாள் தனக்கோடி. தராசை எடுத்தாள். "எத்தினி கிலோ போடட்டும்?"